திருவுருவங்களைக் காக்கும் சட்டமும் நமது கடமையும்

தொன்மையான திருவுருவம் ஒன்று நாட்டை விட்டு அகலுமாயின், அது நின்ற இடத்தின் சரித்திரமும் உடன் அகன்றுவிடும். ஆதலின் அதனைத் தடுக்கும் சட்டம் யாதென்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சட்டம் நம் நாட்டில் 1947 இல் இயற்றப்பட்டது. அதனினும் கடுமையான சட்டம் 1972 இல் நிறைவேறி, 1976 ஏப்ரல் 5 முதல் அமுலுக்கு வந்தது. 100 ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம் முதலியனவும், 75 ஆண்டுக்குக் குறையாத அரிய கையெழுத்துச் சுவடிகளும் தொல்பொருள்களாம். மத்திய அரசும் அதன் அதிகாரம் பெற்ற நிறுவனமும் அன்றி வேறெவரும் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. மீறுவோர்க்கு 6 மாதத்திற்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறைவாசமும் அபராதமும் உண்டு.

சட்டம் ஒன்றே போதுமோ? போதாதென்பதற்கு நாளந்தாவே சான்று. 1961 இல் அங்குள்ள பொருட்காட்சி சாலையினின்று 14 வெண்கல உருவங்கள் களவுபோயின. ஏற்றுமதிச் சட்டம் அப்போதும் இருந்தது. எனினும் அவற்றுள் ஒன்றாகிய, வெள்ளி பதித்த 12 ஆம் நூற்றாண்டுப் புத்தர் திருவுருவம் கடல் கடந்து பலர் கைமாறியது. 57 ஆண்டுகளுக்குப் பின், 2018 மார்ச்சு மாதம், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்துக் கலைப்பொருட் சந்தையில் அது காணப்பட்டது. ஆராய்ச்சியாளர் அடையாளங்கண்டு அறிவிக்க, லண்டன் போலீசார் விசாரித்து, வைத்திருந்தவர் இசைவுடன் அவ்வாண்டு ஆகஸ்டு 15 இல் இந்திய ஹைகமிஷனரிடம் ஒப்படைத்தனர். களவுபோனது இதுவே என்று காட்டப் பழைய பதிவுகள் இருந்தமையாலன்றோ இது கைகூடிற்று! பதிவில்லாத உருவத்தை நமதென்று எங்ஙனம் நிலைநாட்டுவது?

நம் நாகப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணினின்று வெளிப்பட்ட பௌத்த வெண்கல உருவங்கள் 350க்கு மேற்பட்டவை. சென்னை அருங்காட்சியகத்திலுள்ளவற்றை டி. என். இராமச்சந்திரன் ஆராய்ந்து 1954 இல் நூலாக்கினார். அந்நூல் அவற்றிற்கு ஒரு காவலாகும்.

நாம் செய்யத்தக்கவை எளியனவே. நிலத்தைத் தோண்டுகையில் பழைய உருவம் கிடைப்பின், 1878 ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும். பழமையான கற்சிலையோ உலோகச் சிலையோ நம்மிடம் இருப்பின், புகைப்படத்துடன் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்தல் வேண்டும். ஊர்ப்புறத்தே வயலோரத்திலும் மரத்தடியிலும் கேட்பாரற்று அமர்ந்திருக்கும் புத்தர் சிலைகளை நாற்புறமும் படமெடுத்து, உயரத்தையும் சிதைவின் அடையாளங்களையும் குறித்து வைத்தல் நன்று.

மலர் தூவி வணங்குவதோடு நம் கடன் தீர்ந்ததன்று. வணங்கும் உருவம் நாளையும் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் நம் கடனே.