நிற்கும் வண்டியும் ஓடும் வண்டியும்

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் சிறிது நேரம் நிற்போமாயின், புதிய கார்களைச் சுமந்து செல்லும் நீண்ட லாரிகளைக் காணலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியார் 1998-லும், ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் கம்பெனியார் 2010-லும் கார் உற்பத்தியைத் தொடங்கினர். லாரியின்மேல் கார்களின் சக்கரங்கள் வாரினால் இறுகக் கட்டப்பட்டிருக்கும். நான்கு சக்கரங்களின்மீது அசையாது நிற்கவல்ல காரைக் கட்டுவானேன்? இவ்வினாவுக்கு விடை தேடுமிடத்து நிலையியல், இயக்கவியல் என்னும் இரண்டன் வேறுபாடும் தானே விளங்கும்.

ஒரு பொருளின்மேற் செயற்படும் விசைகளும் அவற்றின் திருப்புதிறன்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடின், நின்ற பொருள் நின்றவாறே இருக்கும். இதனை ஆராய்வது நிலையியல். 1000 கிலோ காரொன்றின் முன்சக்கரங்கள் 600 கிலோவும் பின்சக்கரங்கள் 400 கிலோவும் தாங்குவதாகவும், அச்சுக்களின் இடைத்தூரம் 2.5 மீட்டர் எனவும் கொள்வோம். 400 × 2.5 ÷ 1000 = 1; ஆகவே ஈர்ப்பு மையம் முன்னச்சுக்கு 1 மீட்டர் பின்னே உள்ளது. நின்ற லாரியின் மட்டமான தளத்தில் இக்காருக்குக் கட்டு வேண்டுவதில்லை; கைப்பிரேக்கும் மிகையே.

இனி லாரி ஓடட்டும். நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்திற் செல்கையில் மாடொன்று குறுக்கிட, ஓட்டுநர் 3 நொடியில் வண்டியை நிறுத்துகிறார். வேகம் நொடிதோறும் 5 மீட்டர் குறைகிறது. மேலுள்ள காரும் அவ்வாறே நிற்கவேண்டுமாயின், நியூட்டன் 1687-இல் வெளியிட்ட விதிப்படி, 1000 × 5 = 5000 நியூட்டன் விசை அதனைப் பின்னோக்கிப் பிடித்தல் வேண்டும். அவ்விசை எங்கிருந்து வரும்?

கைப்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே பற்றும். நின்றபோது அவற்றின்மேலிருந்த பாரம் 4000 நியூட்டன் (ஈர்ப்பு முடுக்கத்தை எளிமை கருதி 10 என்று கொண்டோம்). ஆனால் வேகங் குறைகையிற் பாரம் முன்னே சாய்கின்றது. ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்திலிருப்பின், 5000 × 0.5 ÷ 2.5 = 1000 நியூட்டன் பின்னச்சிலிருந்து முன்னச்சுக்கு மாறிவிடும். எஞ்சிய 3000-த்துக்கு, உராய்வெண் 0.6 ஆயின், கிடைக்கும் உராய்வு 1800 தான். குறையும் 3200 நியூட்டனை வாரே தரவேண்டும். இன்றேல் கார் நழுவி அடுத்த காரின்மேல் மோதும். நிலையியலிற் பிழையில்லை, கேட்ட வினாவுக்கு அது சரியாகவே விடை தந்தது. நின்ற வண்டியின் விடையை ஓடும் வண்டிக்கும் பொருத்துவதே நம் மாணவர் பலர் செய்யும் பிழை.

காருக்கு வார் இருப்பதுபோல் அதனுள் இருப்பவருக்கும் வார் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் என்கேப் மதிப்பீட்டில், கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடையின்மேல் மோதவிடப்படுகிறது. மோதற் சோதனைக்கான கூடம் ஒரகடத்து வாகன ஆராய்ச்சி மையத்திலும் உண்டு. அவ்வேகம் நொடிக்கு ஏறக்குறைய 18 மீட்டர். 1 மீட்டர் தூரத்துள் நிற்பதாகக் கொண்டு, வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுக்க, 324 ÷ 2 = 162; இது புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு. 60 கிலோ மனிதரை இருக்கையில் நிறுத்த 9720 நியூட்டன் வேண்டும். கையை ஊன்றிக்கொள்வேன் என்பார் இவ்வெண்ணை நோக்குவாராக.

பின்னிருக்கையில் தாயின் மடியிலுள்ள 10 கிலோ குழந்தையை எண்ணுவோம். நின்ற காரில் அதனைப் பிடிக்க ஒரு கை போதும். மோதுங் கணத்திலோ 1620 நியூட்டன் வேண்டும். 75 கிலோ அரிசி மூட்டை இரண்டைத் தூக்கும் பலத்தினும் அது மிகுதி. எத்தாய்க்கும் இயலாது. குழந்தைக்கெனத் தனியிருக்கை செய்து அதனைக் காரோடு பிணைப்பது இதனாலேயே.