மண்ணுக்குள் மறைந்த பழுதும் மூன்று உபாயங்களும்

புயலுக்கு மறுநாள் சாய்ந்த கம்பத்தையும் அறுந்து தொங்கும் கம்பியையும் கண்ணுள்ள எவரும் சுட்டிக்காட்டிவிடலாம். 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்துக்குச் சமீபத்தில் கரையைக் கடந்த மாண்டஸ் போன்ற புயல்களை உத்தேசித்து, கடலோரத்தில் கம்பிகளைப் பூமிக்குள் புதைப்பதே விவேகம் என்று வாதிக்கிறவர்கள், புதைத்த கேபிள் கெட்டால் கடப்பாரையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

பிரயோகத்தில் உள்ள உபாயங்கள் முக்கியமாக மூன்று: பழுதான கோரை (கேபிளின் உள்கடத்தியை) நல்ல கோரோடு வளையமாக இணைத்துத் தடைகளை ஒப்பிடும் பழைய மர்ரே வளையச் சோதனை, மின்துடிப்பை அனுப்பி அது திரும்பும் நேரத்தை அளக்கும் டி.டி.ஆர்., உயர் அழுத்தத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சிப் பழுதில் பொறி எழுப்பும் தம்பர். இவற்றுள் எது உசிதம் என்பதைக் கருவியின் விலையோ விற்பனையாளரின் வாக்குவன்மையோ தீர்மானிப்பதில்லை. பழுதின் மின்தடைதான் தீர்மானிக்கிறது. ஆகவே மின்சாரத்தைத் துண்டித்து, கேபிளில் தேங்கிய மின்னூட்டத்தை எர்த்தில் இறக்கிய பிறகு, முதலில் எடுக்க வேண்டியது காப்பின் தடையை அளக்கும் மெகர். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மெகாஓம் கணக்கில் பேசும் அக்கருவிக்கு 40 ஓமும் 2,000 ஓமும் ஒன்றுபோலப் பூஜ்யந்தான். அந்தப் பூஜ்யத்தைச் சாதாரண மல்டிமீட்டரால் பிரித்துப் பாராதவர் அடுத்த படியிலேயே இடறுவார்.

ஏனெனில், 40 ஓம் இயல்பு மின்மறுப்புள்ள கேபிளில் பழுதின் தடையும் 40 ஓமாக இருந்தால், டி.டி.ஆர். அனுப்பிய துடிப்பில் மூன்றிலொரு பங்கு தலைகீழாகத் திரும்பித் திரையில் பள்ளமாகத் தெரியும். 2,000 ஓமானால் திரும்புவது நூற்றிலொரு பங்கே, அதுவும் ஜாயின்ட்டுகள் எழுப்பும் சில்லறை அலைகளுக்குள் மறைந்துபோகும். கோர் முற்றிலும் அறுந்திருந்தால் சங்கடமில்லை. துடிப்பு நிமிர்ந்தபடியே திரும்பும். எக்ஸ்.எல்.பி.இ. என்னும் பாலிஎத்திலீன் காப்புள்ள கேபிளில் துடிப்பு மைக்ரோ விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் ஓடுவதால், போய்வர 10 மைக்ரோ விநாடி ஆயிற்றென்றால் பழுது 850 மீட்டரில் இருக்கிறது. வேகத்தை உத்தேசமாக வைத்து 3 சதவீதம் பிசகினால் 2 கிலோமீட்டரில் 60 மீட்டர் தள்ளித் தோண்ட நேருமாதலால், நல்ல கோரில் முழு நீளத்தையும் அளந்து வேகத்தைச் சரிசெய்துகொள்வதே முறை.

உயர்தடைப் பழுதுக்குத் தம்பரையும் டி.டி.ஆரையும் சேர்த்தே பிரயோகிக்க வேண்டும்: பொறி எரியும் கணத்தில் தடை வீழ்ந்துவிடுவதால், அக்கணத்து டி.டி.ஆர். சித்திரம், பொறி எழுமுன் எடுத்த சித்திரத்திலிருந்து பிரியும் இடமே பழுது. ஆனால் மணிக்கணக்கில் அடித்துக்கொண்டேயிருப்பது வயதான காப்புக்குக் கேடு. தம்பரையே முதல் ஆயுதமாக எடுக்கும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. மர்ரே சோதனை ஓரளவு உயர்ந்த தடைக்கும் இசையும், எனினும் கூடவே ஒரு கோர் பழுதின்றி இருக்க வேண்டும்.

கோவளம் தொட்டுக் கல்பாக்கம் வரையுள்ள மணற்பாங்கில், உப்புநீர் புகுந்த ஜாயின்ட்டின் தடை தாழ்ந்திருக்கும்போதே டி.டி.ஆரை வைத்துவிடுவது நலம். தம்பரின் சூட்டில் ஈரம் உலர்ந்தால் அதே பழுது உயர்தடையாக மாறி ஒளிந்துகொள்ளக்கூடும். செங்கற்பட்டைச் சுற்றியுள்ள பாறை கலந்த நிலத்திலோ தோண்டுவதே பெருஞ்சிரமமாகையால், டி.டி.ஆர். காட்டிய தூரத்தைச் சுற்றித் தம்பரின் ஓசையைத் தரை ஒலிவாங்கியால் கேட்டு உறுதிசெய்யாமல் மண்வெட்டி எடுக்கலாகாது. கேபிள் குழாய்க்குள் சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் அந்த ஓசையை நம்ப வேண்டாம். பழுது நடுவில் இருக்க, சத்தம் குழாயின் வாயில்தான் கேட்கும்.