மினிமம் கட்டினால் கடன் தீருமா?

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது எஞ்சினியரிங் டிப்ளமோ. வங்கித் தொழில் அறியேன். ஆனால் கூட்டல், கழித்தல் தெரியும். இந்தப் பாடத்துக்கு அதுவே போதும்.

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு, டோம்பிவிலியில் இருக்கும் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கி. "ஒரு மாதம்கூடத் தவறாமல் மினிமம் கட்டுகிறேன் மாமா. பாக்கி குறையவே மாட்டேன் என்கிறது" என்றான். ஸ்டேட்மென்டை வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

பாக்கி: ரூ. 40,000
மாத வட்டி 3.5 சதவீதம்: ரூ. 1,400
வட்டியின் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்: ரூ. 252
கட்டிய மினிமம் 5 சதவீதம்: ரூ. 2,000
அசலில் கழிந்தது: ரூ. 348

இரண்டாயிரம் கட்டியவனுக்கு முந்நூற்றுச் சொச்சம்தான் வரவு! மாதம் 3.5 என்றால் சிறியதாகத் தெரிகிறது. ஆண்டுக்கு அது 42 சதவீதம். அது மட்டுமல்ல. பழைய பாக்கி முழுவதும் தீராதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையா. அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். கார்டில் ரொக்கம் எடுத்தாலும் அப்படியே.

அதே கடனுக்கு, கார்டைத் தொடாமல் மாதம் 5,000 கட்டினால் பத்தே மாதத்தில் தீர்ந்துவிடும்.

அடுத்து அவன் கேட்டது: "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாமா மாமா?" இதையும் தெரிந்துகொள்வது நல்லது. திவால் மனு என்பது கடனிலிருந்து நழுவும் வழி அன்று. மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களில் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்றத்திலும், மற்ற ஊர்களில் 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்திலும் மனுச் செய்ய வேண்டும். சொத்து இருந்தால் நீதிமன்ற அதிகாரி வசம் போகும். 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அமலுக்கு வந்தது. உண்மையிலேயே வழியற்றவருக்குச் சட்டம் தரும் நிவாரணம் அது. அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் சம்பளம் வாங்கும் இளைஞனுக்கு 40,000 ரூபாய்க்காக அது தேவையா?

அவனை வாட்டியது கடனைவிட மானம்தான். மனைவிக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. ஊரில் இருந்தால் முகவாட்டம் பார்த்தே சித்தப்பா, பெரியப்பா யாராவது விசாரிப்பார்கள். பிழைக்க வந்த இடத்தில் நாமாக வாய் திறந்தால்தான் உண்டு. "இன்றே உன் மனைவியிடம் சொல்" என்று அனுப்பினேன். அவள் முதலில் கோபித்தாள். மறுநாள் அவளே வீட்டுச் செலவு நோட்டை எடுத்து, மாதம் 5,000 ஒதுக்கினாள். பத்தாவது தவணையைச் சென்ற மாதம் கட்டி முடித்தார்கள்.

வசூல்காரர்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்பவர்களும் உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அவர்கள் கடன் கேட்டு அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. மீறினால் எழுத்து மூலம் புகார் செய்யுங்கள்.

இனி வீட்டுப் பாடம். வரும் ஞாயிறன்று உங்கள் கார்டு ஸ்டேட்மென்டை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு உட்காருங்கள். மேலே போட்ட ஐந்து வரிக் கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும்.