முழங்காலைக் கேட்டு அறை எடுங்கள்

மலாக்காவைச் சுற்றிப் பார்க்க வரும் வெளியூர் உறவினர்களுக்கு மெர்லிமாவில் இருக்கும் நாங்கள் இரண்டு விஷயங்களைத் தவறாமல் சொல்லுவோம். ஜோங்கர் தெருப் பக்கம் அறை எடுப்பதென்றால் வெள்ளி, சனி, ஞாயிறு வேண்டாம், இரவுச் சந்தை கலைகிற வரைக்கும் கண்ணை மூட முடியாது. பழைய கடைவீட்டை விடுதியாக்கியிருந்தால் மாடிப்படி செங்குத்தாக இருக்கும், பாட்டியோடு வருகிறவர்கள் கீழ்த்தள அறை உண்டா என்று முதலில் கேளுங்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் மலாக்கா இடம்பிடித்த பிறகு இப்படிப்பட்ட அழகான விடுதிகள் நிறைய வந்துவிட்டன. படத்தில் அந்த மாடிப்படியைக் காட்ட மாட்டார்கள். ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

ஐரோப்பாவுக்கு முதல் தடவை போகும்போது நாம்தான் அந்த வெளியூர்க்காரர். லண்டனையும் பாரிசையும் பார்க்க அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போய் வந்ததிலிருந்து ஜாசின், சிரம்பான், மூவார் என்று பல ஊர்களிலிருந்தும் சொந்தக்காரர்கள் என்னிடம் விடுதி பற்றிக் கேட்கிறார்கள். எல்லோரும் கேட்பது எத்தனை நட்சத்திரம், ஓர் இரவுக்கு எத்தனை வெள்ளி என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. கூட வருகிறவர்களில் மூத்தவருக்கு என்ன வயது? படி ஏறுவாரா?

அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து மேட்டிலும் பள்ளத்திலும் வாளியோடு நடந்து முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அந்த உழைப்பில் படித்தவன் நான். அவரை ஓர் ஊருக்குக் கூட்டிப் போய், விடுதி அறையில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் சுற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே அவருடைய முழங்கால்தான் எங்கள் விடுதியைத் தேர்ந்தெடுத்தது. அப்படித் தேர்ந்தெடுத்ததில் கூட வந்த வாலிபப் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வரவில்லை.

லண்டனில் பாடிங்டன், ஏர்ல்ஸ் கோர்ட், புளூம்ஸ்பரி வட்டாரங்களில் நடுத்தர விலை விடுதிகளில் பல, பழைய வரிசை வீடுகளைத் தட்டிச் சேர்த்தவை. வாசலிலேயே நாலைந்து படி. உள்ளே குறுகிய மாடிப்படி. மின்தூக்கி இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் பாதி மாடிவரைதான் போகலாம். எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றுக்கு நாலாவது மாடியில் அறை கொடுத்தார்களாம், பெட்டியைத் தூக்கிவரவும் ஆள் இல்லையாம். பாரிசின் பழைய கட்டடங்களில் மின்தூக்கி இருக்கும், ஆனால் ஓர் ஆளும் ஒரு பெட்டியும் நின்றாலே கதவு மூடாத அளவுக்குச் சின்னது. "மின்தூக்கி உண்டா?" என்று கேட்டால் போதாது. "தெருவிலிருந்து என் அறைக் கதவுவரை எத்தனை படி?" என்று கேட்க வேண்டும்.

படிக் கணக்கு விடுதி வாசலோடு முடிவதுமில்லை. லண்டன் பாதாள ரயில் 1863-இல் ஓடத் தொடங்கியது, பாரிஸ் மெட்ரோ 1900-இல். நம் கோலாலம்பூர் எம்ஆர்டி மாதிரி நிலையத்துக்கு நிலையம் மின்தூக்கி இருக்கும் என்று நினைத்துப் போகக்கூடாது. லண்டனில் படியில்லாத நிலையங்களைக் காட்டும் தனி வரைபடமே உண்டு, சக்கர நாற்காலிக் குறி போட்டிருப்பார்கள். நீலக் குறி என்றால் தெருவிலிருந்து ரயில் பெட்டிவரைக்கும் படி இல்லை. வெள்ளைக் குறி என்றால் நடைமேடை வரைக்கும்தான். விடுதி இணையத்தளத்தைத் திறக்குமுன் அந்த வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் எல்லாத் தடங்களுக்கும் மின்தூக்கி இருக்கிறது. ஹீத்ரோவிலிருந்து பிக்காடிலி தடத்தில் இறங்கி ஏறாமல் நேராக வரலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாரிசுக்குப் போகும் யூரோஸ்டார் ரயிலும் அதே இடத்திலிருந்துதான் புறப்படுகிறது. அதனால் அந்த நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் அறை எடுத்தோம். மத்திய நகரத்தை விட்டுத் தள்ளிப் போனால் அறை மலிவு, உண்மைதான். ஆனால் நாலு பேருக்கு இரண்டு வேளை ரயில் கட்டணத்தையும், சாயங்காலம் கால் வலித்தால் பிடிக்கிற டாக்சியையும் கூட்டிப் பாருங்கள். மிச்சம் பெரிதாக நிற்காது.

பாரிசில் மெட்ரோவை மறந்துவிட்டுப் பேருந்தில் போனோம். முழுவதும் மின்தூக்கி வசதியுள்ள 14-ஆம் எண் தடம் போன்ற புதியவை தவிர மற்றவற்றில் படிதான். பேருந்தில் தாழ்தளம், சன்னலோரம், ஊரும் தெரிகிறது. அத்தைக்கு அந்தப் பேருந்துப் பயணங்களே போதும் என்று ஆகிவிட்டது.

சோற்றுக்கு வருகிறேன். இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 1888-இல் லண்டனில் வந்து இறங்கிய காந்தி, விக்டோரியா ஹோட்டல் என்ற பெரிய விடுதியில் தங்கினார். கணக்கு 3 பவுண்டு வந்தது. அந்தக் காலத்தில் அது பெரும் பணம். சைவமான அவருக்கு அங்கே கிடைத்த சாப்பாடு பிடிக்கவில்லை, அவ்வளவு பணம் கொடுத்தும் பட்டினி கிடந்த மாதிரிதான் என்று தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அவருக்கு வயிறு நிறைந்தது. இதே கஷ்டத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் போலும், சேலத்தில் பிறந்த கே.டி. பால் என்ற தமிழரின் முயற்சியில் 1920-இல் லண்டனில் இந்திய ஒய்எம்சிஏ மாணவர் விடுதி தொடங்கப்பட்டது. பிட்ஸ்ராய் சதுக்கத்தில் அதன் கட்டடம் 1950-களில் எழுந்தது. நாங்கள் போனபோது அங்கே சோறும் பருப்பும் சாப்பிட்டோம். அம்மா கையால் பிசைந்து சாப்பிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

யூஸ்டன் நிலையத்துக்குப் பின்னால் டிரம்மண்ட் தெரு இருக்கிறது. தோசை, பேல்பூரி, சைவச் சாப்பாடு எல்லாம் அங்கே வெகுகாலமாகக் கிடைக்கிறது. கிங்ஸ் கிராசிலிருந்து பேருந்தில் சில நிறுத்தங்கள்தான். ஈஸ்ட் ஹாமில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைய. அங்கேயே தங்கிவிடலாமே என்று பலர் கேட்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு நாள் போய்ச் சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, சாமான் வாங்கி வரலாம். தினமும் அங்கிருந்து ரயிலில் வந்து போனால் வயதானவர்கள் களைத்துவிடுவார்கள்.

பாரிசில் கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷாப்பெல் வட்டாரம். இலங்கைத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடியப்பம், சொதி, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். 1985-இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான். ஆண்டுதோறும் பிள்ளையார் தேர் அந்தத் தெருக்களில் வலம் வரும். யூரோஸ்டார் வந்து நிற்பதும் கார் து நோரில்தான், விமான நிலைய ரயிலும் அங்கே வருகிறது. ஆனால் பெரிய ரயில் நிலையம் என்றால் சத்தமும் கூட்டமும் இருக்கும், பிக்பாக்கெட்டும் உண்டு. நிலையத்தை ஒட்டிய தெருவை விட்டு இரண்டு தெரு உள்ளே, சாலைப் பக்கம் பார்க்காத அறையாகக் கேட்டு வாங்கினேன். இரவு அமைதியாக இருந்தது.

அறைக்குள் பார்க்க வேண்டியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கோடையில் போனால் குளிரூட்டி இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஐரோப்பா குளிர்ப் பிரதேசம்தானே என்று பல விடுதிகளில் வைப்பதில்லை. 2019 ஜூலையில் பாரிசில் வெயில் 42.6 டிகிரி அடித்தது, மெர்லிமாவில் நாம் கண்டிராத சூடு. 'டபுள்' என்று போட்டிருக்கும் கட்டில் பிரான்சில் பெரும்பாலும் 140 சென்டிமீட்டர் அகலம்தான், லண்டனில் 135. அம்மாவும் அத்தையும் நிம்மதியாகத் தூங்க 'ட்வின்' என்று கேட்டுத் தனித்தனிக் கட்டில் வாங்குங்கள். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, இத்தாலி போன்ற சில நாடுகளில் பக்கத்திலேயே கழுவும் தொட்டி வைத்திருப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் குவளை பெட்டியில் வையுங்கள். சுடுநீர்க் கெண்டி லண்டனில் அநேகமாக இருக்கும், பாரிசில் கேட்டுக்கொள்ள வேண்டும். மைலோ பொட்டலமும் மூன்று-ஒன்று தேத்தண்ணியும் கொண்டுபோகிறவர்களுக்கு அது முக்கியம். அறையில் சோறு பொங்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் இருப்பதென்றால் சமையல் மேடையோடு உள்ள அபார்ட்மெண்ட் விடுதி எடுப்பது நல்லது. நம் மூன்று கட்டைப் பிளக்கு லண்டனில் அப்படியே பொருந்தும், பாரிசில் இரண்டு உருளைக் கட்டை. அடாப்டர் வேண்டும்.

ஐரோப்பாவின் பல ஊர்களில் நகர வரி என்று ஒன்று தனியாக வசூலிப்பார்கள். நம் நாட்டில் வெளிநாட்டவரிடம் அறைக்கு 10 வெள்ளி வாங்குகிறோம் இல்லையா, அங்கே பல ஊர்களில் தலைக்கு வாங்குகிறார்கள். ரோமில் விடுதியின் தரத்தைப் பொறுத்து ஒருவருக்கு ஓர் இரவுக்கு 10 யூரோ வரைக்கும். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 விழுக்காடு. குடும்பத்தோடு போகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

வந்திறங்கும் நேரமும் கணக்கில் சேரும். கோலாலம்பூரிலிருந்து இரவில் புறப்படும் விமானம் விடிகாலையில் ஹீத்ரோவில் இறக்கிவிடும். அறை கிடைப்பதோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. இளைஞர்கள் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஊர் சுற்றலாம். பதின்மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்த அம்மா எங்கே படுப்பார்? முந்தின இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டி அறையைப் பிடித்து வைத்தேன். வீண் செலவு என்று அத்தை முணுமுணுத்தார். போனதும் குளித்துவிட்டு இருவரும் நண்பகல்வரை தூங்கினார்கள். அன்று மாலையே தேம்ஸ் நதிக்கரைக்கு வர அவர்களுக்குத் தெம்பு இருந்தது. பயணம் முழுவதிலும் நான் செலவழித்ததில் அந்தப் பணத்தைத்தான் மிக நல்ல செலவு என்பேன்.

பணம் கட்டுமுன் விடுதிக்கே நேராக மின்னஞ்சல் எழுதுங்கள். படி எத்தனை, மின்தூக்கியில் எத்தனை பேர் நிற்கலாம், குளிக்கும் இடம் தொட்டியா அல்லது தாண்டி ஏறாமல் நிற்கும் ஷவரா, அதிகாலையில் வந்தால் உட்கார இடம் உண்டா? நாலே கேள்வி, சுருக்கமான ஆங்கிலத்தில். நான் எழுதிய விடுதிகளில் சில பதிலே போடவில்லை. சில, எங்கள் தளத்தைப் பாருங்கள் என்றன. ஒரு விடுதியிலிருந்து மட்டும் வாசலில் ஒரு படி, உள்ளே மின்தூக்கி உண்டு, படி இல்லை, தொட்டி இல்லாத ஷவர் உள்ள அறை இரண்டாம் மாடியில், உங்கள் தாயாருக்கு ஒரு நாற்காலியும் போட்டு வைக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதற்குத்தான் பணம் கட்டினேன்.