பாறையின் இறுக்கத்தை அளப்பது எப்படி?

கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் சென்றது. 2001ஆம் ஆண்டில் மூடப்படும் வரை அங்கு உழைத்தவர்களுள் தமிழர் மிகப் பலர். அவர்கள் பெரிதும் அஞ்சியது பாறை வெடிப்புக்கே. வெடிமருந்து எதுவும் வைக்காமலேயே சுரங்கச் சுவர் திடீரென வெடித்துக் கற்களை வீசும். உயிர்கள் பலியானதும் உண்டு. அசையாமல் கிடக்கும் கல்லுக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாறையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் 1 கிலோமீட்டர் உயரப் பாறை நின்றால் அதன் எடை 270 கிலோகிராம். 3 கிலோமீட்டர் என்றால் 810 கிலோகிராம்! சுண்டுவிரல் நகத்தளவு இடத்தின் மேல் ஒரு சிறிய கார் நிற்கிறது. இவ்வளவு பாரத்தால் நசுக்கப்பட்ட பாறை, அழுத்தி வைத்த சுருள்வில்லைப் போன்றது.

அதில் குகை வெட்டினால் என்ன ஆகும்? பாலத்தூணில் மோதும் ஆற்றுநீர் விலகி, இருபுறமும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிய பாறை தாங்கிய பாரமும் அப்படித்தான் சுற்றுச்சுவருக்கு மாறுகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அழுந்தும் பாறையில் வட்டக் குகை வெட்டினால், சுவரின் ஓரத்தில் தகைவு இரண்டு மடங்காகும்.

இதை அளப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பாறையில் துளையிட்டு ஒரு மானியைச் செருகினால் அது சுழியையே காட்டும். நாம் போய்ச் சேருமுன்பே பாறை நசுங்கி முடிந்துவிட்டதே! ஆகவே இறுக்கத்தை முதலில் அவிழ்க்க வேண்டும். அப்போது பாறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்க வேண்டும்.

சுவரில் மேலும் கீழுமாக இரண்டு ஊசிகளைப் பதித்து, இடைத்தொலைவைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு நடுவே கிடையாக ஒரு பிளவை அறுக்கிறார்கள். பிளவு சற்றே மூடுவதால் ஊசிகள் நெருங்கும். இரண்டு எஃகுத் தகடுகளை ஓரம் ஒட்டிச் செய்த தட்டையான பையைப் பிளவினுள் நுழைத்து, எண்ணெயைப் பம்பு செய்கிறார்கள். ஊசிகள் பழைய இடத்துக்கே திரும்பும்போது எண்ணெயின் அழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே சுவரின் தகைவு. பாறையின் யங் குணகம் கூடத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் ஆய்வுக்கூடத் தராசைப் போல இது ஒரு சமன் செய்யும் முறை. இதைவிட அழகான அளவீடு பொறியியலில் குறைவு என்பது என் எண்ணம்.

ஆனால் இது சுவரின் கதையை மட்டுமே சொல்லும். குகையின் பாதிப்பு எட்டாத உட்பாறையை அறிய, ஆழமாகத் துளையிட்டு அதன் கோடியில் மின்தடைத் திரிபுமானிகளை ஒட்டுவார்கள். பின்பு அதைச் சுற்றிப் பெரிய வளையத் துரப்பணத்தால் குடைந்தால், நடுவிலுள்ள பாறை உருளை விடுபட்டு விரியும். விரிவு மிகச் சிறியது. தகைவு 270, யங் குணகம் 6 இலட்சம் (இரண்டும் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராம் கணக்கில்) என்று கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் பாறை 0.045 மில்லிமீட்டரே நீளும்.

1950களில் சுவீடன் நாட்டுச் சுரங்கங்களில் நில்ஸ் ஹாஸ்ட் அளந்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. பல இடங்களில் பக்கவாட்டுத் தகைவு, மேலிருந்து வரும் தகைவை விட மிகுதி! பாறையின் எடையை மட்டும் வைத்துப் போடும் நம் கணக்கில் இது அகப்படாது. பக்கத் தகைவு மிகுந்த திசைக்குக் குறுக்கே நீண்ட குகையை வெட்டினால் கூரையும் தளமும் கடுமையாக நசுங்கும். அத்திசையிலேயே குகையின் நீளத்தை வைத்தால் பெரிதும் தப்பலாம். எனவே நிலத்தடி மின்நிலையங்களுக்குக் குகை தோண்டும் பொறியாளர்கள், வரைபடத்தை முடிவு செய்யுமுன் பாறையை அளந்து பார்க்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 1 கிலோமீட்டர் ஆழத்தில் கிடையாகப் பரந்த தாதுப் படலத்தில் பாதியை வெட்டி எடுத்து, மறுபாதியைத் தூண்களாக விட்டிருக்கிறார்கள். தூண்களின் சராசரித் தகைவு என்ன? முக்கால் பங்கை வெட்டியிருந்தால்?