பழைய ஜீப்பின் கிரவுன் ஆயில்: நீங்களே மாற்றலாம்

இன்ஜின் ஆயிலை வாரம் தவறாமல் பார்ப்பவர்கள்கூட, வண்டிக்குப் பின்னால் இரும்புப் பூசணி போலத் தொங்கும் கிரவுன் ஹவுசிங்கை மறந்துவிடுகிறார்கள். அதில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. ஆயில் வற்றினால் டேஷ்போர்டில் விளக்கும் எரியாது. சத்தம் கேட்கத் தொடங்கும்போது பெரும்பாலும் பல் தேய்ந்திருக்கும்.

வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் 5.38 விகிதக் கிரவுன் பரவலாக இருந்தது. 8 பல் கொண்ட டெயில் பினியன், 43 பல் கொண்ட கிரவுனைச் சுழற்றுகிறது. இன்ஜினிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் விசை முழுவதும் எந்த நேரமும் இரண்டு மூன்று பற்களின் மேல்தான் நிற்கிறது. அந்தப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு சறுக்கவும் செய்கின்றன. இடையில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான் இரும்பை இரும்பிலிருந்து காக்கிறது. அது சரியாக இருந்தால் 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் கிரவுன் உழைக்கும். அது வற்றினால், பாரத்தோடு ஏறும் ஒரே மலைப்பயணத்தில் பல் நீலம் பாய்ந்துவிடும்.

எப்போது மாற்றுவது?

வண்டியின் கையேடு சொல்வதே முதல் கணக்கு. கையேடு இல்லையென்றால், சமவெளியில் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், பாரம் ஏற்றி மலையில் ஓடும் வண்டிக்கு 20,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும் மாற்றுங்கள். அச்சு மூழ்கும் அளவுக்கு ஆற்றில் இறக்கியிருந்தால், அந்த வாரமே திறந்து பாருங்கள். பழைய வண்டியைப் புதிதாக வாங்கியிருந்தால் முன்னவர் சொன்ன கணக்கை நம்பாமல் உடனே மாற்றிவிடுங்கள்.

என்ன ஆயில்?

கிரவுனுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். டின்னில் ‘90’ என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஜிஎல்-5 என்று அச்சிட்டிருக்க வேண்டும். சறுக்கும் பற்களின் அழுத்தத்தைத் தாங்கும் கந்தகக் கலவை அதில்தான் போதிய அளவு இருக்கும். மிச்சமானதைக் கியர் பாக்ஸில் ஊற்றிவிடவும் வேண்டாம். ஜிஎல்-4 கேட்கும் பழைய கியர் பாக்ஸ்களில் உள்ள பித்தளை வளையங்களை அது அரிக்கக்கூடும். லிமிட்டெட் ஸ்லிப் வகைக் கிரவுன் என்றால் அதற்கென்று உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஜிப்சியின் பின் கிரவுனுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பிடிக்கும். மற்ற வண்டிகளுக்கு அளவு மாறும்.

இனி வேலைக்கு வருவோம்.

1. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். சூடான ஆயில்தான் அடியில் தங்கிய கசடையும் சேர்த்துக்கொண்டு வடியும்.

2. சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பவே கூடாது. பல பழைய ஜீப்புகளில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, ப்ரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கியதும், கிரவுனுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன் அந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டு வண்டியை உருளச் செய்துவிடும். இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஜாக்கியே தேவையில்லை. தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஸ்டாண்டு வைக்காமல் அடியில் படுக்காதீர்கள்.

3. முதலில் மேலே உள்ள நிரப்பும் நட்டைக் கழற்றுங்கள். வரிசை மாறக் கூடாது. கீழ் நட்டைத் திறந்து ஆயிலை வடித்துவிட்டு, மேல் நட்டு துருப்பிடித்து அசையாமல் போனால், வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும்.

4. அடியில் சட்டி வைத்துக் கீழ் நட்டைத் திறவுங்கள். சில அச்சுகளில் கீழ் நட்டே இருக்காது. அப்படியானால் பின்மூடியின் கீழ்ப் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, மேலே இரண்டைத் தளர்வாக விட்டு, மூடியை மெல்ல நெம்புங்கள். மாட்டும்போது புது கேஸ்கட் போட வேண்டும்.

5. வடிந்த ஆயிலை அப்புறப்படுத்துமுன் படியுங்கள். கிரவுனின் உடல்நிலை முழுவதும் அதில் இருக்கிறது. இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கறுத்திருந்தும் வழவழப்பாக இருந்தால் கவலையில்லை. கீழ் நட்டில் காந்தம் இருந்தால், அதன் நுனியில் விபூதியைக் குழைத்தது போலச் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பதும் இயல்பான தேய்மானம்தான். விரலில் குத்தும் செதில்களோ பல்லின் துண்டோ வந்தால் புது ஆயில் ஊற்றிப் பயனில்லை. கிரவுனைத் திறந்தாக வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

6. பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். ஹவுசிங்கின் மேல் விரல்நுனி அளவில் இருக்கும் மூச்சுக்குழல் இது. சில ஆண்டுகளுக்கு முன் என் ஜீப் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது பின்பிரேக் பிடிக்காமல் வழுக்கியது. டிரம்மைக் கழற்றினால் லைனிங் முழுக்கக் கியர் ஆயில். சீலை மாற்றினேன், மூன்றே மாதத்தில் மறுபடியும் கசிந்தது. பிரீதரில் அடைத்திருந்த ஒரு பொட்டுச் சேறுதான் காரணம். உள்ளே சூடான காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. சூடான ஹவுசிங் ஆற்றுநீரில் இறங்கும்போது நேர்மாறாக நடக்கும்: உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும்.

7. நட்டுகளைப் பனியன் வேஸ்டால் துடைத்து, புது வாஷரோடு கீழ் நட்டை மாட்டுங்கள். மேல் துளை வழியாக ஆயில் திரும்பி வழியும்வரை பம்பால் நிரப்புங்கள். வழிவது நின்றதும் மூடிவிடலாம்.

8. ஓட்டிப் பார்த்துக் காது கொடுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ விடும்போதோ மட்டும் ஊளையிட்டால் கிரவுனும் பினியனும் தேய்ந்திருக்கின்றன. எப்போதும் உறுமினால் பேரிங். கிளம்பும்போது ‘டக்’ என்றால் முதலில் யூ ஜாயின்ட் கிராஸைப் பாருங்கள். தடித்த ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்கலாம், தேய்மானத்தை நிறுத்த முடியாது. பினியன் நட்டை இறுக்கினால் போதும் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்; பேரிங்கின் மேலுள்ள அழுத்தக் கணக்கு கெட்டுவிடும். மாற்ற நேர்ந்தால் கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுவதையும், அளவு வேறுபட்ட டயர்களைப் பூட்டுவதையும் தவிருங்கள். இரண்டுமே கிரவுனின் ஆயுளைக் குறைக்கும்.

பழைய ஆயிலைத் தோட்டத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். டின்னில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். கடைசியாக, மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஹவுசிங்கின் மேலேயே பெயின்டால் எழுதிவையுங்கள். இந்த வண்டி உங்களுக்குப் பிறகும் ஓடும். அதை ஓட்டப்போகிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.