கொழுப்பு ஈரலும் வைரசுத் தொற்றும்

மாணவர்களே, தொற்று நோய்கள், தொற்றா நோய்கள் என இரு பட்டியல்களை மனனம் செய்திருப்பீர்கள். "ஒன்று மற்றையதை எவ்வாறு கடுமையாக்கும்?" என்று வினவினால் பலர் தடுமாறுவர். இப்பாடத்தைக் கவனமாக வாசியுங்கள்.

1. கொழுப்பு ஈரல் என்றால் என்ன?
ஈரற்கலங்களில் 5 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்புச் சேர்ந்திருக்கும் நிலையாகும். மதுசாரம் அருந்தாதவரிலும் இது ஏற்படும். அதிக நிறை, நீரிழிவு, உடலுழைப்பின்மை, மிகையான மாவும் சீனியும் முக்கிய காரணங்கள். பெரும்பாலும் நோவு இராது. 2007 இல் றாகமைப் பிரதேசத்தில் களனிப் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வில் வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது காணப்பட்டது.

2. உதாரணம்: டெங்கு
2017 இல் இலங்கையில் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400 இற்கு மேற்பட்டோர் இறந்தனர். எமது மாவட்டத்தில் கிண்ணியா பெரிதும் பாதிக்கப்பட்டது. நுளம்பு எல்லோரையும் ஒரேவிதமாகவே கடித்தது. ஆனால் சிலர் எளிதில் குணமடைய, சிலருக்கு நோய் கடுமையானது ஏன்?

3. காரணங்கள்
(அ) டெங்கு வைரசு ஈரலையும் தாக்கும். ஏற்கெனவே அழற்சியுற்ற ஈரல் மேலும் சேதமடையும்.
(ஆ) டெங்கு வைரசு பெருகுவதற்குக் கலத்திலுள்ள கொழுப்பையும் பயன்படுத்துகிறது.
(இ) குருதி உறைதற் காரணிகளையும் அல்புமினையும் ஆக்குவது ஈரலே. இவை குறைந்தால் குருதிப்பெருக்கும் திரவக் கசிவும் ஆபத்தாகும்.

கவனிக்க: கொவிட் 19 இலும் கொழுப்பு ஈரல் உள்ளோரில் கடுமை அதிகமெனப் பல ஆய்வுகள் காட்டின. எனினும் அவர்களிற் பலருக்கு நீரிழிவும் அதிக நிறையும் இருந்தன. எனவே "கொழுப்பு ஈரல் மட்டுமே காரணம்" என எழுதாதீர்கள். "ஆபத்தைக் கூட்டும் காரணிகளுள் ஒன்று" என எழுதுங்கள்.

மாதிரி வினா
கொழுப்பு ஈரல் உள்ள ஒருவருக்குக் காய்ச்சல் ஏற்பட்டால் பின்பற்ற வேண்டிய நான்கு நடவடிக்கைகளைத் தருக.

விடை
1. தாமதியாது வைத்தியரை நாடி, கொழுப்பு ஈரல் இருப்பதைத் தெரிவித்து, குருதிப் பரிசோதனை செய்தல்.
2. பரசிற்றமோலை வைத்தியர் கூறிய அளவுக்கு மேல் எடுக்காதிருத்தல். மிகையானால் அது ஈரலைச் சிதைக்கும்.
3. அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவற்றைத் தவிர்த்தல்.
4. காய்ச்சல் தணிந்ததும் குணமாயிற்று என எண்ணாதிருத்தல். திரவக் கசிவு பெரும்பாலும் அப்போதே தொடங்கும். வயிற்று நோவு, தொடர் வாந்தி, குருதி கசிதல் கண்டால் உடனே வைத்தியசாலை செல்லல்.

இவ்விடைக்குப் புள்ளிகள் கிடைக்கும். ஆனால் அதற்கு முன்னரே உங்கள் வீட்டில் இது தேவைப்படலாம். தந்தைக்கோ தாய்க்கோ "ஈரலில் கொழுப்பு" என ஸ்கான் அறிக்கை கூறியிருந்தால், இன்றே இந்நான்கையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நிறையைப் படிப்படியாகக் குறைத்தால் ஈரற் கொழுப்பும் குறையும் என்பதையும் சொல்லுங்கள்.